பெயர் எழுத வேண்டாம் என்றேன்

எதையும் முதலில் நானே செய்து பார்த்துவிட வேண்டும் என்ற வியாதி எனக்கு உண்டு. அதுதான் என் வாத்தியார் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

எண்பதுகளின் கடைசி. எங்கள் வீடு இருந்த பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பேருந்தில் கிள்ளானுக்குப் போய் ஓர் இடைநிலைப்பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாணவர்களில் யாருக்கு மனச்சோர்வு என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் வந்தது. பள்ளியிலேயே பெரிய இளிச்சவாயன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ‘இரவில் தூக்கம் வருவதில்லை’, ‘நான் யாருக்கும் தேவையில்லை’ என்பது போன்ற வாக்கியங்கள். ஒருபோதும் இல்லையென்றால் பூஜ்யம், எப்போதும் அப்படித்தான் என்றால் மூன்று.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்க்க, முதல் நாளே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஒரு தாளை நானே நிரப்பினேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று உண்மையையே போட்டுத் தொலைத்தேன். (அப்போதெல்லாம் ஆசிரியர் அறையில் என்னைத் திரும்பிப் பார்த்தது மேசை விசிறி மட்டும்தான்.)

மறுநாள் வகுப்பில் தாளைக் கொடுத்தேன்.

“சார், இது பரீட்சையில வருமா?”

“தப்பா போட்டா ரோத்தான் பிரம்பால அடியா சார்?”

“பயப்படாம போடுங்க. பேரு எழுத வேணாம்.”

வாடிப்போன பிள்ளை யார் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தாளே. அதில் பெயர் வேண்டாம் என்று சொன்ன என் மூளையை என்னவென்று சொல்வது! எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்த் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அந்த அள்ளலில் என் தாளும் போய்விட்டது.

அடுத்த நாள் கூப்பிட்டார். கையில் ஒரு தாள். கிட்டத்தட்ட எல்லாமே மூன்று.

“பாருங்க, பாவம், அழுதுகிட்டே எழுதியிருக்கு,” என்று மூலையிலிருந்த கறையைக் காட்டினார்.

சாப்பாட்டுக் கடையில் நான் சிந்திய தே தாரேக், ஆற்றிய பால் டீ. கண்ணீர் பழுப்பு நிறத்தில் வராது என்று சொல்ல வாய் வரவில்லை. மனசு சரியில்லாத வாத்தியாரை யார் நிரந்தரமாக்குவார்கள்? “விசாரிக்கிறேன் சார்,” என்று நழுவினேன்.

அவரோ என்னை நம்பாமல் தானே விசாரித்துவிட்டார். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வசந்தி. ஆகவே அவள்தான் என்று முடிவு கட்டி, அவள் அப்பாவை வரவழைத்தார். பக்கத்து ஊரான காப்பாரில் லோரி ஓட்டுபவர். மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தவர், ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து நின்றார்.

“பிள்ளைக்கு என்னா சார்? வூட்டுல நல்லாத்தானே இருந்துச்சு?”

“நான் அப்படிப் போடல ப்பா,” என்று வசந்தி அழுதாள்.

தலைமையாசிரியர் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதப் பேனாவைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை தப்பும். ஆனால் வசந்தியின் அப்பா ஹெல்மெட்டோடு குனிந்து மகளின் கண்ணைத் துடைத்ததைப் பார்க்க முடியவில்லை.

“சார்... அது என்னுது.”

“எது?”

“அந்தக் கண்ணீர். தே தாரேக், சார்.”

தலைமையாசிரியர் தாளை மோந்து பார்த்தார். (சத்தியமாக!) பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப இந்த மூணெல்லாம்?”

நான் தரையைப் பார்த்தேன். பூமி பிளந்து வழிவிடும் என்று எதிர்பார்த்தேன், விடவில்லை. வசந்தியின் அப்பாதான் என் தோளைத் தொட்டார். “வாங்க லா சார், ஒரு ரொட்டி சாப்பிடுவோம்.” கடையில் குழம்பை மட்டும் என் தட்டில் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

வேலை போகவில்லை. மானம்தான் போனது. வசந்தி அப்பாவின் கொழுந்தியா எங்கள் தெருவில் இருந்ததால் நான் பேருந்தில் வருவதற்குள் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. வாசலில் அம்மா.

“எந்தக் கேள்விக்குடா மூணு போட்ட?”

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அம்மா வழிவிடவில்லை. நின்றபடியே சொன்னேன், முதன்முறையாக.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ‘நல்லா இருக்கியா’ என்று கேட்பதில்லை. “இன்னிக்கு எத்தன?” என்றுதான் கேட்போம். கல்யாண வீட்டில்கூடக் கேட்டு மானத்தை வாங்குவார்கள். என் மனைவி கோபத்தில் “ஏழு!” என்பாள்.

போன வருடம், கல்லூரி விடுமுறைக்கு வந்த மகளைக் காரில் கூட்டி வரும்போது வழக்கம்போல் கேட்டேன்.

“மூணு ப்பா,” என்று சிரித்தாள்.

காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். அவள் சிரிப்பு நின்றது, பேச ஆரம்பித்தாள்.