மூலம்: வெளி

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகன் வணங்கி எழுதுவது. உட்காருவது ஒன்றைத் தவிர மற்றபடி நலம். அத்தையின் நலமும் அறிய ஆவல். ஜன்னல் திட்டின் மேல் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் என்னவென்றால், எனக்கு மூலம். சிரிக்க வேண்டாம். எங்கள் தையல் லைனில் முப்பது பேருக்குக் கழிப்பறை டோக்கன் ஒன்றே ஒன்று. அது கைமாறி வருவதற்குள் வந்த அவசரம் போய்விடும். அதனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். பத்து மணி நேரம் மரப்பலகை ஸ்டூல் வேறு. இரண்டும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "மூலம் ரெண்டு வகைப்பா. உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது, ரத்தத்தைக் காட்டும். அதுல நாலு நிலை. மொதல்ல உள்ளேயே கெடக்கும். அடுத்தது வெளிய எட்டிப் பாத்துட்டுத் தானா போயிடும். மூணாவதுல கையால தள்ளி விடணும். நாலாவது, தள்ளினாலும் போகாது." எங்கள் மேனேஜர் நாலாவது நிலை என்று நினைத்துக்கொண்டேன். "உனக்கு வெளிமூலம். ரத்தம் கட்டிக்கிட்டு நிக்குது, அதான் இந்த வலி. மூணு நாள் மெஷின் பக்கம் போகாத. வெந்நீர்ல உக்காரு, நெறைய தண்ணி குடி, வந்தா அடக்காத." அடக்காமல் இருக்க ஒரு டோக்கன் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

விடுப்புப் படிவத்தை வாங்கினால், அதில் 'மூலம்: ______' என்று அச்சடித்தே இருந்தது மாமா. நோய்க்கென்றே தனி இடம் விட்டிருக்கிறார்களே, எத்தனை பேரை இப்படி ஆக்கியிருப்பார்கள் என்று வயிறு எரிந்தது. துணைக்கு ஆள் இருக்கிறது என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. 'வெளி' என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கேட்டதோ, எந்த சூப்பர்வைசர் மூலம் விண்ணப்பிக்கிறாய் என்பதை. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"யாருய்யா அந்த வெளி ஆளு? சங்கமா?"

"ஆளு இல்ல சார்."

"பின்ன எப்படி வந்துச்சு இது?"

"உக்காந்து உக்காந்து வந்துச்சு சார்."

"ஓஹோ, உக்காந்து பேசினீங்களா. எத்தனை பேரு?"

சுற்றி ஐந்து பேர், அதில் மூன்று பெண்கள். இடத்தைச் சொல்ல வாய் வரவில்லை. நாற்காலியைக் காட்டி, "உக்காந்து பதில் சொல்லு" என்றார். மாட்டேன் என்றேன். திமிர் என்று எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போனாலும் போகும்.

நீங்களோ சங்கச் செயலாளர். என் மாமா என்று தெரிந்தால் முடிந்தது கதை. அரசல்புரசலாகக் காதில் விழுந்து நீங்கள் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். கையெடுத்துக் கும்பிடுகிறேன், இந்தப் பக்கம் வராதீர்கள். அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தைக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோரும் நன்றாகத் தண்ணீர் குடிக்கவும்.

இப்படிக்கு,
நிற்கும் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், நலம் விசாரிக்க வந்த பக்கத்து மெஷின் அக்காவிடம் உண்மையைச் சொல்லும்படி ஆகிவிட்டது. "எனக்கு உள்மூலம்டா, மூணாவது நிலை. ரெண்டு வருசமாச்சு, யார்கிட்ட போய்ச் சொல்றது" என்றார். இன்று மதியம் எங்கள் லைனில் பதினொரு பேர் படிவம் வாங்கி, 'மூலம்' என்ற இடத்தில் ஒன்பது பேர் 'உள்', இரண்டு பேர் 'வெளி' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேலே, 'வராதீர்கள்' என்று எழுதியதை அடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டுக்கு வாருங்கள் மாமா. விசாரணையில் நாங்கள் யாரும் உட்காரப்போவதில்லை.