தீம் பார்க்குக்கு மூன்று வருஷம் விலை பார்த்தவன் மச்சானுக்கு எழுதியது

லைட்ஹவுஸ் குப்பம்,
சனிக்கிழமை, காலை எட்டு மணி.

பொன்னேரி கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் சென்டர் நடத்தும் மரியாதைக்குரிய மச்சான் பொன்னுரங்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை கோமளாவைக் கட்டிய நீலமேகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன், நலம் என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே நீங்கள், அண்ணி, என் பெண்டாட்டி, என் மகள் வைஷ்ணவி நால்வரும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் நான் அங்கே இல்லை.

போன் இருக்க எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் "ஆமா மச்சான்" சொல்லி வைத்துவிடுவேன். பதினைந்து வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. எதுவானாலும் எழுத்தில் கொடு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் நீங்கள், ஆகையால் எழுத்தில் கொடுக்கிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உங்கள் வாட்ஸப்புக்கு அனுப்புவேன்.

விஷயம் ஒன்றுதான். நேற்று போனில், "இன்னா மாப்ளே, மூணு வருஷமா டிக்கெட்டு வெலயே பாத்துனுகீற, புள்ள ஏங்கிப் போச்சு. நாளைக்கி ஒரு நாள் போவட்டும், ஞாயித்துக்கெயம நானே இட்டுனு போறேன், வுடு" என்றீர்கள். நானும் வழக்கம்போல ஆமா மச்சான் என்றுவிட்டேன். இப்போது சொல்கிறேன், இல்லை மச்சான். தயவுசெய்து அழைத்துப் போகாதீர்கள். வைஷ்ணவியை முதல் தடவை அந்தத் தீம் பார்க்குக்குள் அழைத்துப் போக வேண்டியவன் நான். அவள் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது வாக்குக் கொடுத்தவன் நான். எனக்கு ஒரே ஒரு மாதம் தவணை வேண்டும். ஏன் இவ்வளவு தாமதம் என்று கோமளா உங்களிடம் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள். நடந்ததை நான் சொல்கிறேன்.

முதல் வருஷம் தப்பு என்மேல் இல்லை, என் தொழில்மேல். பார்க் இருப்பது சென்னையைத் தாண்டி அந்தக் கோடியில். சாயந்திரம் மூடும் வரை இருந்துவிட்டுக் கிளம்பினால் நம் பழவேற்காட்டுக்குக் கடைசி பஸ் கிடைக்காது, ஒரு ராத்திரி ரூம் போட்டே ஆகவேண்டும். ரூமும் டிக்கெட்டும் சேர்த்துப் போனில் விலை போட்டிருந்தான். நான் மீன் ஏலத்தில் நின்று பழகியவன். நமக்கு வேண்டிய கூடையை நாம் முறைத்துப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஏலக்காரன் ஏற்றிவிடுவான், பக்கத்துக் கூடையைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். இந்தப் போனும் அப்படித்தான், நாம் பார்க்கப் பார்க்க விலையை ஏற்றும் என்று டீக்கடையில் தினகரன் வேறு சொன்னான். சரி, ஆசையைக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று பத்து நாள் ஊட்டியில் ரூம் பார்த்தேன். தினமும் காலையிலும் மாலையிலும் ஊட்டி. பதினோராம் நாள் சட்டென்று திரும்பித் தீம் பார்க்கைப் பார்த்தால் விலை முன்னைவிட அதிகம். ஊட்டிக்காரர்கள் மட்டும் என்னை விடவில்லை. நான் கடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டு, "சார், ஸ்வெட்டர் கொண்டு வரத் தேவையில்லை, நாங்களே கம்பளி தருகிறோம்" என்கிறார்கள். இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். நானும் மரியாதைக்கு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறேன்.

இரண்டாம் வருஷம் நிஜமாகவே ஒரு மலிவு வந்தது. மூன்று பேருக்கு ரூம், டிக்கெட், காலை இட்லி எல்லாம் சேர்த்துப் பாதி விலை, ஆனால் ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை மட்டும், பணம் கட்டினால் திரும்பாது. கட்டினேன். கட்டிய பிறகுதான் அந்தச் செவ்வாய் என் பாடு என்று தெரிந்தது. பொன்னேரிக்குப் போய் இருபது வருஷமானதில் உங்களுக்கு மறந்திருக்கும். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பதுதான் பாடு. அன்றைக்கு விட்டால் அந்த முறை போச்சு, அடுத்து எப்போது வருமோ. மாற்றிக்கொள்ளலாமா என்று அடுத்த முறைக்காரன் குப்பனிடம் கேட்டேன். "உன் பாட்டுல நான் போயி எறா அள்ளினா, நீ ஆயுசுக்கும் என்னத் திட்டுவ, வேணாம்ணா" என்றான். உண்மைதான், திட்டுவேன். எறா ஓடுகிற சமயம், கோமளாவும் "பொயப்பப் பாரு" என்றாள், போனேன். விடிய விடிய நின்றதில் வலை நிறையச் சொறிமீன். கை, கால், கழுத்து எல்லாம் அரிப்பு. நான் கரையில் உட்கார்ந்து உடம்பைச் சொறிந்துகொண்டிருந்த நேரத்தில், போன் ஒரு மெசேஜ் அனுப்பியது. உங்கள் காலை இட்லி தயாராக இருக்கிறது என்று.

அதன் பிறகுதான் மொத்தமாகப் போனால் மலிவு என்று கண்டுபிடித்தேன். இருபது பேர் சேர்ந்து போனால் இருபத்தோராவது டிக்கெட் இலவசம். குப்பத்தில் இருபது பேர் கிடைக்க மாட்டார்களா? கிடைத்தார்கள். இரண்டு நாளில் பெயர் கொடுத்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதிலும் எல்லாருக்கும் அந்த இலவச டிக்கெட்தான் வேண்டும். சண்டை ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனது. பஞ்சாயத்தில் பாடு பிரிக்கச் சீட்டுப் போடுகிற மாதிரியே இலவச டிக்கெட்டுக்கும் சீட்டுப் போட்டார்கள். கருவாடு போடுகிற இருசம்மாள் பெயர் வந்தது. அவளுக்கு ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். சரி, வேறு யாருக்காவது விட்டுக்கொடு என்றால், "சீட்டுல வந்தத வுட்டுக்குடுக்க இது இன்னா புளியோதரப் பொட்டலமா? நா வரவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள். முறைப்படி அவள் சொன்னது சரி என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். மீதி இருந்தவர்களிலும், ஒருவருக்குப் பாடு இல்லாத நாள் இன்னொருவருக்குப் பாடாக இருந்து, வருஷம் முழுவதும் தேடியும் இருபது பேரும் சும்மா இருக்கிற நாள் ஒன்றுகூட அகப்படவில்லை. இன்றைக்கு வரை அந்த டிக்கெட் இருசம்மாள் பெயரில்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது மச்சான், இதைக் கோமளாவிடம்கூடச் சொல்லவில்லை. நான்கரை அடிக்குக் கீழே இருந்தால் அங்கே அரை டிக்கெட். நான் பார்க்க ஆரம்பித்தபோது வைஷ்ணவி அந்த அளவுக்கு நாலு விரல் கீழே இருந்தாள். போன தையில் கதவோரம் நிற்கவைத்து அளந்தேன், ஐந்து விரல் மேலே போய்விட்டாள். இன்னா நைனா அளக்குற என்று கேட்டாள். பாவாடைக்கு என்றேன். விலை இறங்கட்டும் என்று காத்திருந்தேன், பிள்ளை வளர்ந்துவிட்டது.

கடைசியாகப் போன வாரம் நடந்ததுதான் கோமளா உங்கள் வீட்டுக்கு வரக் காரணம். ரூம் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, புதன்கிழமைக்கு. பாடு இல்லை, காற்றும் சரியில்லை, எவனும் கடலுக்குப் போகவில்லை. டிக்கெட்டை வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ரூமை மட்டும் போட்டேன். உள்ளே சாப்பாட்டு விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும் என்பதால், மடவை மீனை வறுத்து டப்பாவில் போட்டு, அதன்மேல் துண்டு, துண்டின்மேல் மாற்றுத் துணி வைத்து எடுத்துக்கொண்டோம். பஸ், ரயில், மறுபடி பஸ் என்று மாறிப் போய் இறங்கினால், பார்க் வாசல் கதவு மூடியிருக்கிறது. பராமரிப்பு வேலை, புதன் வியாழன் இரண்டு நாள் விடுமுறை என்று போர்டு. ரூம் ஏன் அவ்வளவு மலிவு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மதில் சுவருக்கு மேலே பெரிய ராட்டினம் பாதி தெரிந்தது, சுற்றாமல் நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பாரு கண்ணு, சும்மாவே தெரியிது" என்றேன். கோமளா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் கொடுக்க முடியாது. வைஷ்ணவி, "பரவால்ல நைனா, தெரியிதுல்ல" என்றாள். அவள் அழுதிருந்தால் தேவலை. ரூமுக்குப் போய் மீனைத் தின்றோம். வாசனை அடிக்கிறது என்று ஓட்டல்காரன் வந்து கதவைத் தட்டித் தனியாக ஒரு தொகை வாங்கிப் போனான். மறுநாள் பொன்னேரி ஸ்டேஷன் வந்ததும் கோமளா எழுந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "நா எங்க அண்ணன் ஊட்டுல இருக்கேன். நீ வெலயப் பாத்துனு இரு" என்றாள். ரயில் கிளம்பிவிட்டது, நான் அடுத்த ஸ்டேஷன் வரை போய்த் திரும்ப வேண்டியதாயிற்று.

மேற்படி காரணங்களால் கேட்டுக்கொள்வது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தாங்கள் நிறுத்தி வைக்க வேண்டும். நீங்கள் அழைத்துப் போனால் அவள் சந்தோஷப்படுவாள், எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம். அப்புறம் அவளுக்கு என்னிடம் கேட்க எதுவும் இருக்காது. ஒரே மாதம் கொடுங்கள், முழு டிக்கெட்டே வாங்குகிறேன், இனிமேல் மலிவு என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டேன், இது சத்தியம்.

அண்ணிக்கு என் வணக்கம். கோமளாவிடம், அவள் ஊறவைத்துவிட்டுப் போன புளி கெட்டுப்போய்விட்டது, நான் கெடவில்லை என்று சொல்லவும். மகளுக்கு என் ஆசீர்வாதம், எல்லை காத்தம்மன் உங்கள் எல்லாரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு, தங்கள் பதிலுக்குக் கரையில் காத்திருக்கும்,
நீலமேகம்.

பின்குறிப்பு: நான்கு பக்கம் எழுதி முடித்து, படம் எடுக்க வெளிச்சத்துக்கு வந்தபோது மணி பதினொன்றரை. உங்கள் நம்பரிலிருந்து போன் வந்தது, பேசியது வைஷ்ணவி. பின்னால் ஒரே கூச்சல், தண்ணீர் சத்தம். "நைனா, நாளைக்கிக் கூட்டமா இருக்கும்னு மாமா இன்னைக்கே இட்டாந்துட்டாரு" என்றாள். கவுன்ட்டரில் ஒரு வார்த்தை விலை கேட்காமல் நாலு டிக்கெட் வாங்கினீர்களாமே. எப்படிக்கீது என்று கேட்டேன். "சூப்பரா கீது நைனா. பெரிய ராட்டினத்துல ஒரு வாட்டி ஏறிட்டேன், இத்தோட போதும். நீ இனிமே டிக்கெட்லாம் பாக்காத, உனுக்கு வீண் செலவு" என்றாள். டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மச்சான், முன்னால் எழுதிய நான்கு பக்கத்தையும் அனுப்பவில்லை. இந்த ஒரு பக்கம் மட்டும்தான் உங்களுக்கு வரும், வந்ததும் பாருங்கள். அவள் போதும் என்றால் நம்பாதீர்கள், அந்தப் பேச்சு என்னிடம் கற்றுக்கொண்டது. டிக்கெட் வாங்கி உள்ளே போய்விட்டால் ராட்டினத்தில் எத்தனை தடவை ஏறினாலும் தனிக் காசு கிடையாது. மூன்று வருஷமாகப் படித்தவன் சொல்கிறேன். அவளுக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது, கொஞ்சம் சொல்லுங்கள்.