தலைகீழாகப் பிடித்த தேன் பாட்டில்

சொரியானோ,
டிசம்பர் 6

என் காலஞ்சென்ற கணவர் ஒமாரின் தங்கையும் எனக்கு இருக்கும் ஒரே நாத்தனாருமாகிய சுல்மாவுக்கு, அண்ணி எவுஃப்ராசியா எழுதுவது.

உன் முழங்காலும், தொலோரெஸ் ஊரில் உன் மகள் வீட்டுக்கு நீ ஏற்றிக்கொண்டு போன இருபத்திரண்டு தேனீப் பெட்டிகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம், என் வாயைத் தவிர. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். மன்னிப்புக் கேட்டு எழுதுவதை அந்த மூன்று வருஷத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் எனக்கு வந்தபடி எழுதுகிறேன்.

பேரன் வில்மார் போன மே மாதம், குளிர் தொடங்கும்போது, சோயா அறுத்துச் சும்மா கிடந்த நிலத்தில் கரினாட்டா விதைத்தானே, கடுகுச் சாதி, எண்ணெய் வாணலிக்கு ஆகாது, கப்பலேறிப் போய் விமானத்துக்கு எரிபொருள் ஆகுமாம், அன்றைக்கு நான் "ஆடு மேய்ஞ்ச நெலத்துல இனிமே ஏரோப்பிளேன் மேயுமாடா?" என்று கத்தினேன். நீதான் அவன் பக்கம் பேசினாய். "குளிர்ல பூக்குற செடி, அண்ணி! ஒண்ணுமே கிடைக்காத நாள்ல என் தேனீக்கு விருந்து" என்றாய். நீ எப்போதுமே எனக்கு எதிர்ப்பக்கம்தான். என் கல்யாணத்துக்கே மணப்பெண் போல வெள்ளை உடுப்பில் வந்து நின்றவள் நீ, அதை நான் மறக்கவில்லை, இந்த மன்னிப்பில் அது சேராது. ஆகஸ்டில் வயல் முழுக்க மஞ்சளாகப் பூத்தது, உன் பெட்டிகள் இரைந்தன, அக்டோபரில் எனக்கு ஒரு பாட்டில் தந்தாய், பத்தே நாளில் அது கல்லாகிவிட்டது, என் கரண்டி வளைந்துவிட்டது. அம்மா கொடுத்த கரண்டி.

அதற்கப்புறம் ஞாயிற்றுச் சந்தையில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும், குற்றத்தைச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்பது எப்படி? வில்மாரின் ஞானஸ்நானத்துக்கு 1996 மார்ச்சில் நீ தந்த தேனை, நல்ல தேனுக்கு அடையாளமாக இத்தனை வருஷம் அலமாரியில் பொத்திவைத்திருந்தேன். அதை ஒரு கையிலும் புதுசை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு உன் கடை முன்னால் வந்து நின்று, பாதிரியார் பார்க்க இரண்டையும் தலைகீழாகப் பிடித்தேன். பழையது வழிந்தது. புதுசு அசையவில்லை. "பாத்துக்குங்க! இது தேனு. இது சர்க்கரைப் பாகு!" என்றேன். கறிக்கடைக்காரன் வேறு, "அம்மா, வெட்டணும்னா சொல்லுங்க, ரம்பம் கொண்டாரேன்" என்று சிரித்தான். நீ மெதுவாக, "அண்ணி, என் பெட்டியில இருக்கறது தேனீ. சர்க்கரை ஆலை இல்ல" என்றாய். அன்று உன்னிடம் ஒருவரும் வாங்கவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாய், நான் மாத்தே இலைச்சாறு ஊற்றிக் கொடுத்தேன், முதல் சுற்றிலேயே குவளையைத் திருப்பித் தந்து "நன்றி" என்றாய். மாத்தே குடிக்கையில் நன்றி என்றால் இனி வேண்டாம் என்று அர்த்தம், அப்படிச் சொன்னவளுக்கு மறுபடி ஊற்ற முடியுமா? மறுநாள் பெட்டிகள் இல்லை.

போன வாரம் அறுப்பு முடிந்து, கரினாட்டா வாங்குகிற கம்பெனியின் இன்ஜினியர் பெண் யானினா வந்தாள். ரொட்டிக்கு அந்தக் கல்லைச் சுரண்டி வைத்தேன். வாயில் போட்டதுமே, "ஆஹா, கரினாட்டாத் தேன்!" என்றாள். "அதெப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றேன். "இந்தப் பூத் தேன் அப்படித்தான் பாட்டி, பெட்டிக்குள்ள அடைச் சட்டத்துலயே உறைஞ்சிடும். உறையிற தேனை நம்பலாம். வருஷக்கணக்கா தண்ணியா நிக்கிறதைத்தான் சந்தேகப்படணும்." வில்மார் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நம்ம வயல் பூவுக்கு அத்தைப் பாட்டி தண்டனை அனுபவிக்கிறாங்க" என்றான். உறைந்த அடையை நீ சுரண்டிய சத்தம் அக்டோபரில் என் சமையலறை வரை கேட்டது, சுல்மா. நான் சிரித்தேன்.

நாலு மணிக்கு மாத்தேக்கு வெந்நீர் வைக்கிறேன், நானே ஊற்றி நானே குடிக்கிறேன், குவளையை வாங்கிக்கொள்ள எதிரே கை இல்லை. உன்னைத் திட்டவும் ஆள் இல்லை, ஒமார் போனபிறகு எனக்கு மிச்சமிருந்த சண்டைக்காரி நீ ஒருத்திதான். வருகிற ஞாயிறு உன் கடை இருந்த இடத்தில் நின்று, பாதிரியாருக்கும் கறிக்கடைக்காரனுக்கும் கேட்க, "சுல்மாவின் தேன் சுத்தம், என் நாக்குதான் கலப்படம்" என்று சொல்லப்போகிறேன். மே மாதம் வில்மார் மறுபடி விதைக்கிறான். யூகலிப்டஸ் நிழலில் உன் இடம் அப்படியே இருக்கிறது. உறைவதற்குள் எடுத்துவிட்டால் தேன் வழியுமாம், நீ அடைச் சட்டங்களை எடுத்துக் கொடு, நான் தேனெடுக்கும் பொறியைச் சுற்றுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு.

உன் மகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் தேனீக்களுக்கும், என்னைக் கொட்டியவை உட்பட.

தலை குனிந்து,
எவுஃப்ராசியா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அலமாரியைத் திறந்தேன். 1996 பாட்டில் இன்னும் தண்ணீராக ஓடுகிறது. இருபத்தொன்பது வருஷம், சுல்மா. யானினா சொன்னதை மறுபடி யோசித்தேன். என் பேரனின் ஞானஸ்நானத்துக்குச் சர்க்கரைப் பாகா! ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவதாக இல்லை. நீ நேரில் வந்து பதில் சொல்லும்வரை மேலே எழுதியது எதுவும் செல்லாது. நாலு மணிக்கு வா, வெந்நீர் தயாராக இருக்கும். நன்றி என்று மட்டும் சொல்லிவிடாதே, இந்தச் சண்டை ஒரு சுற்றில் முடியாது.