மாப்பிள்ளைக்கு அரை மாத்திரை

போன வாரம் திங்கக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பூனைக்கு மருந்து கொடுக்கணும்.

நம்ம பூனைன்னு சொல்லிக்க முடியாது. போன மழைல எங்கிருந்தோ வந்து, எங்க ஊட்டு விறகு அடுக்குக்குப் பின்னாடி குடியேறினவன். சோறு வச்சுட்டு நான் கதவைச் சாத்தினாதான் சாப்பிடுவான். ஜன்னல்ல ஒரு கண்ணு தெரிஞ்சாலும் ஓடிருவான். மாமியார் ஊட்டுல முதல் நாள் சாப்பிடற புது மாப்பிள்ளை கெட்டான் போங்க! அதனால பேரே மாப்பிள்ளைன்னு ஆயிடுச்சு.

எங்கயோ சண்டை போட்டுட்டு வந்திருக்கான். ஒரு கன்னம் எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீங்கி, சீழ் வச்சிருச்சு. ரெண்டு நாளா சரியா சாப்பிடல. எனக்கு மனசே ஆறல. கால்நடை டாக்டருக்கு போட்டோ அனுப்பிட்டுப் போன் பண்ணேன்.

"கொண்டு வாங்கம்மா."

"கிட்டயே போக முடியாதுங்க சார்."

"அப்ப எடை எவ்வளவுன்னாவது சொல்லுங்க. அதைப் பார்த்துத்தான் மாத்திரை சொல்ல முடியும்."

"நல்லா கொழுகொழுன்னு இருப்பானுங்க சார்."

"கிலோல சொல்லுங்கம்மா!"

தொடவே விடாதவனைத் தராசுல எப்படி ஏத்தறது? அப்பதான் என் மூளை வேலை செஞ்சுது. அது வேலை செஞ்சாலே எங்க ஊட்டுக்காரர் பயப்படுவாரு. அன்னிக்குப் பார்த்து அவரு ஊர்ல இல்ல.

எங்களுக்கு மலை மேல ஜெகதளா பக்கம் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கு. இலை போடற சாக்கு ஒண்ணை விறகுக்குப் பக்கத்துல விரிச்சு, உள்ள ரெண்டு மத்தி மீனை வேகவச்சுப் போட்டுட்டு ஒளிஞ்சு நின்னேன். பத்து நிமிஷத்துல வாலு வரைக்கும் உள்ள போயிடுச்சு. பாஞ்சு போய் சாக்கு வாயைக் கட்டிட்டேன்!

கத்துவான், குதிப்பான்னு பார்த்தா ஒரு அசைவு இல்ல. பயத்துல கல்லு மாதிரி உக்காந்துட்டான்.

நேரா ரோட்டு முக்குல இருக்கற எடை ஷெட்டுக்கு நடந்தேன். தேயிலை எடுத்தவங்க எல்லாரும் சாக்கோட அங்கதான் வருவாங்க. எடை போட்டதும் ஃபேக்டரி லாரில ஏத்திருவாங்க. நானும் என் சாக்கை வரிசைல வச்சேன். பக்கத்து ஊட்டு பார்வதி அக்கா நின்னுட்டு இருந்தாங்க. அவங்களுக்கும் மருமகளுக்கும் என்ன சண்டைன்னு ஒரு ரெண்டே நிமிஷம் கேட்டேன். சத்தியமா ரெண்டு நிமிஷம்தான்.

திரும்பிப் பார்த்தா சாக்கைக் காணோம். லாரியையும் காணோம்!

எடை போடற மூர்த்தி அண்ணன் நோட்டும் கையுமா உக்காந்திருந்தாரு.

"என் சாக்கு எங்கீங்ணா?"

"ஏத்தியாச்சுங்க. என்னங்க, இன்னிக்கு இவ்வளவு கொறச்சலா கொண்டாந்திருக்கீங்க? அஞ்சு கிலோதான் இருந்துச்சு. மழை ஈரத்துக்கு அரைக்கிலோ கழிச்சு நாலரைன்னு எழுதிட்டேன்."

"அது தேயிலை இல்லீங்ணா. பூனை!"

நோட்டைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. "அப்ப ஈரம் கழிக்கக் கூடாதுங்களே"ன்னு சொல்லிட்டுப் பேனாவை எடுத்தாரு.

"அண்ணா! அடுத்த ஷெட்டுல என்ன பண்ணுவாங்க?"

"இன்னும் முப்பது மூட்டை மேல ஏத்து..." பேனா அப்படியே நின்னுடுச்சு. அவரே ஓடிப்போய் ஸ்கூட்டரைக் கிளப்பினாரு.

பாதி வழில ஒரு காட்டெருமை ரோட்டுக்கு நடுவுல நின்னு அசைபோட்டுட்டு இருக்கு. அதுகிட்ட ஹாரன் அடிச்சு நியாயம் கேக்க முடியுமா? அதுவா நகர்ற வரைக்கும் நின்னோம். நான் பின்சீட்டுல உக்காந்து அழுதுட்டேன். நிஜமாவே அழுதேன். மருந்து கொடுக்கறேன்னு பிடிச்சு வந்து, மூட்டைக்கு அடில நசுக்கப் போறேனே!

அடுத்த ஷெட்டுல லாரி மேல ரெண்டு பேர் மூட்டையைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கறாங்க.

"போடாதீங்க! உள்ள மாப்பிள்ளை இருக்கான்!"

எல்லாரும் சிலையா நின்னுட்டாங்க. டிரைவர் மெதுவா கேட்டாரு: "ஏனுங்க, எந்த ஊட்டு மாப்பிள்ளைங்க?"

விளக்கம் சொல்ல நேரமில்ல. லாரி மேல ஏறிட்டேன். எல்லா சாக்கும் ஒரே மாதிரி இருக்கு. எதுவும் அசையல. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், சத்தமே இல்ல. அப்பதான் மத்தி மீன் ஞாபகம் வந்து, ஒவ்வொரு சாக்கா மோந்து பார்க்க ஆரம்பிச்சேன். கொட்டற மழைல, முட்டி போட்டு, புடவையோட! கீழ பத்து பேர் குடை பிடிச்சுட்டு வேடிக்கை பார்த்தாங்க.

"தேயிலையை மோந்து பார்க்க ஃபேக்டரில புதுசா ஆள் போட்டிருக்காங்களாட்ட இருக்குதுங்க."

ஏழாவது சாக்கு! வாயை லேசா அவுத்துப் பார்த்தேன். ரெண்டு கண்ணு மினுங்குச்சு. மாப்பிள்ளை உசுரோட இருக்கான். மீனைத்தான் காணோம். லாரி குலுங்கின குலுங்கல்ல, ஒருத்தர் கண்ணும் படாத இருட்டுல, ஐயா நிம்மதியா சாப்பிட்டு முடிச்சிருக்காரு.

அங்கயிருந்தே டாக்டருக்குப் போன் போட்டேன்.

"எடை பார்த்தாச்சுங்க சார். அஞ்சு கிலோ."

"சாக்கு எடையைக் கழிங்க" - மூர்த்தி அண்ணன்.

"தின்ன மீனையும் கழிக்கோணும்ங்க" - டிரைவர்.

"நாலரைங்க சார். இல்ல, நாலேகால்..."

"விடுங்கம்மா. மூணு கிலோல இருந்து ஆறு கிலோ வரைக்கும் எல்லாத்துக்கும் அரை மாத்திரைதான்."

போற வழில மாத்திரையை வாங்கிட்டு, ஊட்டுக்குப் போய் மாப்பிள்ளையை விறகுகிட்ட அவுத்து விட்டேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மறைஞ்சுட்டான். அரை மாத்திரையைப் பொடி பண்ணி மீன்ல பிசைஞ்சு, தட்டுல வைக்காம, அதே சாக்குக்குள்ள வச்சுட்டு நகர்ந்தேன். சாயங்காலம் வரைக்கும் அவன் எட்டிக்கூடப் பார்க்கல. அப்புறம் மீன் ஜெயிச்சுது. யாரும் பார்க்காத இடம்னா அவனுக்குப் போதும்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. அஞ்சு நாளும் அப்படியேதான் மருந்து உள்ள போச்சு. வீக்கம் சுத்தமா வடிஞ்சுடுச்சு.

மூர்த்தி அண்ணன்தான் இப்பல்லாம் என் சாக்கை எடை போடறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு தட்டி, காதை வச்சுக் கேக்கறாரு.