திறந்த மூலமும் இரவியண்ணையும்

போன மாசி மாதம் என் இருதயத்துக்குள் ஒரு சின்னக் கம்பிச் சுருள் வைத்தார்கள். அதற்குப் பிறகு என் வாய்க்கு ஒரு பெரிய பூட்டுப் போட்டார்கள். சுருளை வைத்தவர் டாக்குத்தர். பூட்டைப் போட்டவள் என் மனைவி நிரஞ்சனி. எண்ணெயில் பொரித்தது எதுவும் அந்தப் பூட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது.

ஆனாலும் சனிக்கிழமைகளில் மெற்றோ ரயில் எடுத்து மொன்ட்ரியாலுக்குப் பக்கத்து லவாலுக்குப் போய், ஒரு தமிழ்க் கடை வாசலில் நின்று எண்ணெயில் பொரித்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் இரண்டாவது ரோல்ஸின் பாதியில் போன் அடித்தது. நிரஞ்சனிதான். மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வரட்டாம். என் கைபேசி நான் நிற்கும் இடத்தை வரைபடம் போட்டு அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்கே முடிவெடுத்தேன். இனி நான் ஒரு சுதந்திர மனிதன்.

எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த இரவிச்சந்திரன் அண்ணைக்குக் கொம்பியூட்டர் கைவந்த கலை. ஓய்வுபெற்ற பிறகு அதுவே வேலை. பெரிய கொம்பனிகளின் போன்கள் எல்லாம் வேவு பார்ப்பவை, யாரும் திறந்து பார்க்கக்கூடிய 'திறந்த மூல' மென்பொருள்தான் மனிதனுக்கு மரியாதை என்றார். பழைய போன் ஒன்றை வாங்கிவந்து, அதற்குள் அந்த மென்பொருளை ஏற்றி, என் சிம்மை அதில் போட்டுத் தந்தார். தெரியாத இலக்கத்தில் இருந்து வந்தால் எடுக்கவே கூடாது என்றும் எச்சரித்தார். தான் மகளைப் பார்க்க மூன்று கிழமை ரொறன்ரோ போவதாகவும், பின்னேரம் தொடர்புகொண்டு விசாரிப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நிரஞ்சனியிடம் பெருமையாக அறிவித்தேன்.

"இனி எனக்குத் திறந்த மூலம்."

அவள் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இருதயத்தோட மூலமும் வந்திட்டுதோ? டாக்குத்தருக்குச் சொன்னீங்களோ?"

மென்பொருள் என்று விளங்கப்படுத்த அரைமணித்தியாலம் பிடித்தது. பிறகு அவள், இரவு வருவதாகச் சொல்லி, கர்க்லாண்டில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் என் சுதந்திரத்தைத் திறந்து பார்த்தேன். பெயர்கள் ஒன்றும் இல்லை. பழைய போனில் இருந்த இருநூறு பேரும் எங்கேயோ போய்விட்டார்கள். வங்கி என்னைத் தெரியாது என்றது. வாட்சப்பும் இல்லை. போன் பிரெஞ்சில் ஏதேதோ கேட்டது, எல்லாவற்றுக்கும் ஓம் என்று அமத்தினேன். வரைபடத்தைத் திறந்தேன். மொன்ட்ரியால்-நோரில் என் சோபாவில் இருந்த என்னை ஆற்றுக்கு நடுவில் காட்டியது.

பின்னேரம் ஒரு இலக்கத்தில் இருந்து மெசேஜ் வந்தது. "போன் வேலை செய்யுதோ?"

சொன்ன சொல் தவறாத மனுசன். இரவியண்ணை என்று அந்த இலக்கத்தைப் பதிந்துவிட்டுப் பதில் போட்டேன். "ஓம் அண்ணை, வேலை செய்யுது. என்ன வேலை எண்டுதான் விளங்கேல்லை."

பிறகு, ஏன் இந்த வில்லங்கத்துக்குள் போனாய் என்று கேட்டு வந்தது. ரோல்ஸ் கதை முழுவதையும் எழுதினேன். அண்ணை யோசித்துத்தான் பதில் போட்டார். சனிக்கிழமை போவது சந்தேகம் தராமல் இருக்க வேண்டுமென்றால், மற்ற ஆறு நாளும் வீட்டில் நல்ல பிள்ளையாக நடக்க வேண்டுமாம்.

அடுத்த நாளே பாத்திரம் கழுவத் தொடங்கினேன். மறுநாள் குளியலறையை உரஞ்சச் சொல்லி அண்ணையிடம் இருந்து வந்தது. அதன் பிறகு, மச்சாளின் விடுமுறை வீடியோவை முழுவதும் இருந்து பார்க்கச் சொல்லி. எல்லாம் செய்தேன். நான் குசினிக்குள் உரஞ்சிக்கொண்டிருக்க, நிரஞ்சனி சோபாவில் இருந்து தன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். தங்கச்சியோடு பகிடி விடுகிறாளாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கிடையில் தெரியாத இலக்கம் ஒன்று ஒவ்வொருநாளும் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்காமல் தடைசெய்துவிட்டேன். அண்ணையின் பாடம்.

சனிக்கிழமை லவாலுக்குப் போனேன். ரோல்ஸ் ஆறிப்போய் இருந்தது. அதையும் அண்ணைக்கு எழுதினேன். வீட்டுக்குள் காலை வைக்க, நிரஞ்சனி கேட்டாள்.

"ஆறின ரோல்ஸைச் சூடாக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

ஆற்றுக்குள் நிற்கும் என்னை இவள் எப்படி லவாலில் கண்டாள்? போன் இன்னும் வேவு பார்க்கிறதோ என்று அண்ணையைக் கேட்டேன். "போன் இல்லை, அது பொம்பிளையின்ர மூளை. அதைத் திறந்து பாக்க இன்னும் ஒருத்தரும் மென்பொருள் எழுதேல்லை," என்று பதில் வந்தது.

அன்றைக்கு மனம் விட்டு எழுதிவிட்டேன். ரோல்ஸ் பெரிதில்லை அண்ணை, ஆஸ்பத்திரியில் அவள் அழுததைப் பார்த்த பிறகு, திரும்ப அவள் பயப்படுவதைப் பார்க்கேலாது, அதனால்தான் ஒளிக்கிறேன் என்று. அதற்கு அண்ணை பதில் போடவில்லை. அடுத்த நாள் மத்தியானம் சோற்றுக்குப் பக்கத்தில், பொரிக்காமல் அவணில் சுட்ட ரோல்ஸ் இரண்டு இருந்தன. ஒன்றும் விளங்காமல் இரண்டையும் சாப்பிட்டேன்.

மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ரொறன்ரோவில் இருந்து வந்த இரவியண்ணை கடுங்கோபத்தோடு என்னிடம் வந்தார். எத்தனை தரம் போன் அடித்தும் எடுக்கவில்லையாம், பிறகு தன்னைத் தடையே செய்துவிட்டேனாம்.

"அண்ணை, நீங்கள்தானே குளியலறை உரஞ்சச் சொன்னீங்கள்?" என்றேன்.

ஒப்பரேசன் மயக்கம் எனக்கு இன்னும் தெளியவில்லையோ என்பது போல என்னைப் பார்த்தார். அவரை நம்பவைக்க, அவர் முன்னாலேயே போனை எடுத்து, இரவியண்ணை என்ற பெயரை அமத்தினேன். அவருடைய போன் அடிக்கவில்லை.

பக்கத்து மேசையில், என் மனைவியின் கைப்பைக்குள் அடித்தது. இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியும் அவளுடைய இலக்கம் எனக்குப் பாடமில்லை.

நிரஞ்சனி ஆறுதலாகக் கோப்பையைக் கீழே வைத்து, போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லும் தம்பி, அண்ணைதான் கதைக்கிறன்."