வெங்காயத்துக்கு ஒரு சவுண்டு கார்டு

மொரப்பூர்,
செவ்வாய்க்கிழமை.

என் லவுடு மாமாவுக்கு, உங்கள் பெண்சாதி கோவிந்தம்மாள் எழுதிக்கொள்வது. மூட்டுவலி தவிர நான் இங்கே சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் செத்து ஐந்து மாதம் ஆனவருக்குச் சளியா பிடிக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பொறுக்காவிட்டாலும் இப்போது உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

லவுடு ஸ்பீக்கரில் உங்கள் குரல் இன்னும் ஊர் சுற்றுவதை நிறுத்தவில்லை. உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நீங்கள் பேசிப் பதிந்து கொடுத்ததை எல்லாம் வண்டிக்காரர்கள் பென்டிரைவில் போட்டுக் கத்தவிடுகிறார்கள். சித்தேரி மலையில் பிளாஸ்டிக் குடம் விற்கிறீர்கள், பென்னாகரத்தில் பழைய இரும்பு வாங்குகிறீர்கள், தினமும் காலை பத்து மணிக்கு நம் தெருவிலேயே வெங்காயம் விற்றுக்கொண்டு போகிறீர்கள். வூட்டுக்குள் மட்டும் வருவதில்லை. முதல் மாதம் அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன். இப்போது முறத்தை எடுத்துக்கொண்டு போய் வெங்காயம் பொறுக்குகிறேன். என்ன செய்வது, குழம்பு வைக்க வேண்டுமே.

போன மாதம் விலை ஏறிவிட்டது. வண்டிக்கார சிவக்குமார் நூறு ரூபாய்க்கு மூன்று கிலோதான் தருகிறான், நீங்களோ நாலு கிலோ நூறு, நாலு கிலோ நூறு என்று அடித்தொண்டையில் கத்துகிறீர்கள். கம்பைநல்லூர்ப் பெண்கள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்களாம். "அந்த மனுசன் நாலுன்னு சொல்றாரு, நீ மூணு போடற. திருட்டுப் பயலே, அவரையே கூப்புடு, கேட்டுக்கறோம்" என்றார்களாம். எங்கே போய்க் கூப்பிடுவான்? நம் வூட்டுக்கு வந்து நின்றான். "அக்கா, அண்ணன் கொரல்லயே மூணுன்னு மாத்திக் குடுங்க" என்றான். இத்தனை வருடம் பக்கத்தில் பனங்கற்கண்டோடு நின்றவளுக்கு எங்கே அமுக்கினால் என்ன ஆகும் என்று தெரியாதா? தேடிப்பார்த்து ஒரு மூன்றைக் கண்டுபிடித்தேன், வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். அது சாவு அறிவிப்பில் நீங்கள் சொன்ன மூன்று, மாலை மூன்று மணிக்கு எடுப்பார்கள் என்று. வெங்காய வண்டி அழுதுகொண்டே போயிற்று. ஒரு கிழவி வந்து, "யாருப்பா தவறிட்டாங்க?" என்று கேட்டாளாம்.

அதற்குமேல் சிவக்குமார் பொறுக்கவில்லை. "வெள்ளிக்கெழமைக்குள்ள நல்லதா ஒண்ணு குடுங்க அக்கா. இல்லாட்டி செல்போன்லயே ஒரு பொம்பளை பேசுது, எழுதிப்போட்டா போதும், அதுவே படிச்சிருது" என்றான். அவன் போனால் மற்ற வண்டிக்காரர்களும் போவார்கள். அப்புறம் அந்த அறை எதற்கு, கம்ப்யூட்டர் எதற்கு, நான்தான் எதற்கு? சரி, நானே பேசிப் பதிகிறேன் என்று உட்கார்ந்தேன். பதிந்ததைப் போட்டுக் கேட்டால் என் குரலுக்குப் பின்னால் கொர்ர்ர் என்று ஒரு இரைச்சல். சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் குறட்டை என்றே நினைத்தேன். பழக்கதோஷத்தில், திரும்பிப் படுங்க என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

உங்கள் தம்பி மாதவராஜ் வந்தார். செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்தவர் ஆகிவிடுகிறாரே, அவர்தான். "அண்ணி, சவுண்டு கார்டு போயிருச்சு" என்று கையை விரித்தார். தர்மபுரியில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். உங்கள் மைக்கை ஒயர்கூடையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடைக்காரர் பெரிய படிப்புப் படித்தவர் போல, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உள்ள மாட்டறதா, வெளிய மாட்டறதா?" என்றார். சத்தம் நல்லா வர்றதா குடுங்க என்றேன். "எதுக்குங்கம்மா? கேமுக்கா, சினிமாவுக்கா, பாட்டுக்கா?" என்றார். வெங்காயத்துக்கு என்றேன். துடைத்த கண்ணாடியையே மனுஷன் மறுபடி துடைத்தார். அப்புறம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தட்டி, "இதுல ஏழு ஸ்பீக்கர் போடலாம்ங்க, ஹெலிகாப்டர் உங்க முதுகுக்குப் பின்னாடி பறக்கற மாதிரியே இருக்கும்" என்றார். என் முதுகுக்குப் பின்னால் ஹெலிகாப்டர் பறந்து எனக்கு என்ன ஆகவேண்டும்? மாதவராஜோ சிவப்பு லைட் எரிகிற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்க மனமில்லாமல் நின்றார். லைட்டுக்குக் காது இருக்கா கொழுந்தனாரே என்று கேட்டேன், வைத்துவிட்டார்.

நான் உங்கள் மைக்கை எடுத்து, இதை மாட்டிக் காட்டுங்க என்றேன். பென்டிரைவ் மாதிரியே வெளியில் சொருகுகிற ஒரு குட்டிப்பெட்டியில் மாட்டினார்கள். கடைக்கு நடுவில் நின்றுகொண்டு மூணு கிலோ நூறு என்று ஒரு சத்தம் கொடுத்தேன். வாசலில் போனவர் ஒருவர், "எங்கம்மா வண்டி?" என்று எட்டிப்பார்த்தார். பதிந்ததைப் போட்டுக் கேட்டால் இரைச்சலே இல்லை, துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். வூட்டில் மாட்டினால் மறுபடி கொர்ர்ர். "பெரிய பொட்டியா வாங்கியிருக்கணும் அண்ணி" என்றார் மாதவராஜ். மறுநாள் போய் மாற்றிப் பெரிய பெட்டி வாங்கி வந்தோம், ஆறு திருகு உள்ளது. அதிலும் கொர்ர்ர், இன்னும் பணக்காரத்தனமாக. உடனே அவர், "கம்ப்யூட்டரே பழசு அண்ணி. நான் எடுத்துட்டுப் போயி வித்துத் தர்றேன், உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை" என்று ஒயரைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு வியாழக்கிழமை.

தொடாதீங்க என்று அந்தப் பெட்டிமேல் கையை வைத்து அமுக்கினேன். கை சுர்ரென்றது, இரைச்சல் டக்கென்று அடங்கியது. கையை எடுத்தேன், வந்தது. வைத்தேன், போயிற்று. மாதவராஜ் ஒயரைக் கீழே போட்டார். "அண்ணி, இது அண்ணன்தான்" என்று செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்குப் போய்விட்டார். உயிரோடு இருந்தபோது நான் கைவைத்ததும் அடங்கினவரா நீங்கள்? அது நீங்கள் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒயர்மேன் மாரியப்பனுக்குப் போன் போட்டேன்.

அவர் பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "எர்த்து எடுக்கலம்மா, அதான் இரையுது. மண்ணுல குழாய் எறக்குன எர்த்துக் குழி எங்க இருக்குது? அதுக்குத் தண்ணி யாரு ஊத்தறது?" என்றார்.

குளியலறைக்குப் பின்னால் தரையில் நட்டிருந்த அந்தக் குழாய்! விடிந்ததும் ஒரு குடம் கொண்டுபோய் அதில் ஊற்றுவீர்களே. குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு முறை வருகிற ஊரில், செடியும் இல்லை கொடியும் இல்லை, இரும்புக்குத் தண்ணி ஊத்தற மனுசனை எங்கயாவது பாத்திருக்கீங்களா என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். நீங்கள் போன அன்றே முதல் வேலையாக அந்தக் குடத்தை மிச்சம் பிடித்தேன். மாரியப்பன் உப்பைக் கொட்டி நாலு குடம் ஊற்றினார். மண் புஸ்ஸென்று குடித்தது. உள்ளே வந்து பழைய கார்டிலேயே பதிந்தேன், கடையில் கேட்ட மாதிரியே வந்தது. சவுண்டு கார்டும் வேண்டாம், ஹெலிகாப்டரும் வேண்டாம். மூன்று தாலுகாவுக்கும் மைக்கில் விளக்கிச் சொன்னவருக்குக் கட்டினவளிடம் ஒரு வரி சொல்ல வாய் இல்லை.

வெள்ளிக்கிழமை சிவக்குமார் வாங்கிக்கொண்டு போனான். கம்பைநல்லூரில் யாரும் சட்டையைப் பிடிக்கவில்லையாம். பழைய இரும்புக்காரரும் வந்து என் குரலில் ஒன்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். கம்ப்யூட்டர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மாதவராஜ் செருப்பும் இன்னும் இங்கேதான் இருக்கிறது. தினமும் விடிந்ததும் குழிக்கு ஒரு குடம் ஊற்றுகிறேன். தெரியவேண்டியது எல்லாம் தெரிந்துகொண்டேன், இனி உங்களைக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. அங்கே அத்தையைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லவும். அங்கேயும் யாராவது மைக் கொடுத்தால் மெதுவாகப் பேசவும், தொண்டை தாங்காது.

இப்படிக்கு,
உங்கள் கோவிந்தம்மாள்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து மடிக்கும்போதே கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் இரண்டு நிமிடம் கீக்கீ என்று கத்திவிட்டுச் செத்துவிட்டது. மாரியப்பனைத் திரும்பவும் கூப்பிட்டேன். பேட்டரி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சொட்டுத் தண்ணி இல்லியேம்மா, மாசா மாசம் இதுக்கு யாரு ஊத்திட்டு இருந்தாங்க?" என்கிறார். டார்ச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். இந்த வூட்டில் இன்னும் எதெதுக்கெல்லாம் நீங்கள் சத்தமில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள், மாமா?