இறுகிப்போன துவக்கு

"பயப்படவேண்டாம், உள்ளே தோட்டா ஒன்றும் இல்லை," என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டு ஹோஃபர் கம்பளிப் போர்வையைப் பிரித்தார். வரதராஜாவின் குசினி மேசையில், முருங்கைக்காய்க்கும் வெங்காயத்துக்கும் நடுவே, நீளமான பழைய துவக்கு ஒன்று கிடந்தது.

வரதராஜாவின் மனைவி சிவனேஸ்வரி பின்வாங்கிப் போய்க் குளிர்பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஹோஃபர் ஆஸ்திரியாக்காரர். மனைவி செத்த பிறகு சிட்னியின் ஹோம்புஷில் தனியாகக் காலம் தள்ளுகிறவர். துவக்கு முதலாம் உலகப் போர்க் காலத்தது என்றார். மற்றத் துவக்குகளில் பிடியைத் தூக்கித் திருப்பிய பிறகுதான் பின்னுக்கு இழுக்கவேண்டும். இதில் திருப்பும் வேலை இல்லை. நேரே இழுத்தால் போதும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட் தானாகத் திறந்து பின்னால் வந்துவிடும்.

வந்துவிட வேண்டும். ஆனால் வரவில்லை.

"என் தகப்பனாருடையது," என்றார் ஹோஃபர். "இது ஓடுகிற சத்தத்தை ஒருமுறை கேட்க ஆசை. நீங்கள் எஞ்சினியர் அல்லவா?"

வரதராஜா எஞ்சினியர்தான். ஆனால் அந்த எழுபத்தைந்தாம் ஆண்டுக் கோடையில் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்ததிலிருந்து அவரை யாரும் அப்படி அழைக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது குளிர்காலமும் வந்துவிட்டது. சிவனேஸ்வரி ஆஸ்பத்திரியில் தட்டெழுத்து வேலைக்குப் போய்வந்தாள். அவர் முன்னறைக் கதிரையில் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் "ம்" என்ற ஒரு பதில்தான் வந்தது.

"எனக்குத் துவக்கைப் பற்றி ஒன்றும்..." என்று அவர் தொடங்கினார்.

"இவர் செய்வார்," என்று குளிர்பெட்டிப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது.

ஹோஃபர் போனதும் வரதராஜா திரும்பினார்.

"நீர் ஏன் ஓம் எண்டனீர்?"

"பாவம் மனுசன். தகப்பன்ர சாமான் எண்டு கேக்குது. ஒருக்கா இழுத்துப் பாருங்கோவன்."

"நீரே இழுத்துப் பாருமன்."

"ஐயோ, எனக்கு அதைக் காணவே கை நடுங்குது."

அவர் கையால் இழுத்தார். பிறகு துவக்கைச் சுவரோடு சாத்தி, காலால் உதைத்துக்கொண்டு இழுத்தார். போல்ட் நகத்தின் அகலத்துக்கு அசைந்து நின்றது. எண்ணெய் போட்டால் சரி என்று முடிவு செய்தார். வீட்டில் இருந்த ஒரே எண்ணெய் சிவனேஸ்வரி தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய். அதை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து உருக்கி, இடுக்குகளெல்லாம் நிரம்பும்வரை ஊற்றிவிட்டுப் படுத்தார்.

சிட்னிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும் என்பது ஒவ்வொரு காலையும் போத்தலை உருக்கித் தலைவாரும் சிவனேஸ்வரிக்குத் தெரியும். யந்திரப் பொறியியல் படித்தவருக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது. துவக்கு வெள்ளை வெளேரென்று திருநீறு பூசிக்கொண்டது போல் கிடந்தது. முதல்நாள் நகத்தளவு அசைந்த போல்ட் இப்போது மயிரிழையும் அசையவில்லை.

"தலைக்கு வைக்கிறதைத் துவக்குக்கு வைச்சால் இப்பிடித்தான்," என்றாள் அவள், வேலைக்குப் புறப்பட்டபடி.

"கொதிதண்ணி ஊத்தினால் எல்லாம் இளகும்."

அன்று மாலை அவள் திரும்பிவந்து பருப்பை இறக்கிவைத்த வேளையில்தான் அவர் கேத்தலைத் தூக்கினார். எண்ணெய் இளகியது. அதன் அடியில் பல வருடமாய் மெழுகுபோல் இறுகிக் கிடந்த பழைய கிறீசும் இளகியது. வரதராஜா மூச்சைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தார். போல்ட் கையோடு வந்தது. வந்த வேகத்தில் அவருடைய முழங்கை பருப்புச் சட்டியைத் தட்ட, அவர் அரிசிச் சாக்கின் மேல் போய் உட்கார்ந்தார். பருப்பு குசினித் தரையெங்கும் ஓடியது.

"வந்திட்டுது," என்றார், சாக்கின் மேல் இருந்தபடியே.

அவர் கையிலிருந்த போல்டின் தலை 'டக்' என்று உள்ளே சுழன்று இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எப்படித் தள்ளியும் அது துவக்குக்குள் திரும்பப் போகவில்லை.

பருப்பில்லாத சோற்றைச் சாப்பிடும்போது அவர் போல்டை இலைபோல் விரித்த பத்திரிகையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"இஞ்சரும், இதைப் பாரும். உள்ளுக்குச் சரிவாய் வரம்பு வெட்டியிருக்கு. நாங்கள் நேரே இழுக்கிறம், அந்த வரம்பில வழுக்கித் தலை தானாய்த் திரும்புது. திரும்பினாப் பூட்டுத் திறக்கும். என்ன மூளை பாரும் அவனுக்கு."

"ஆருக்கு?"

"இதைச் செய்தவனுக்கு."

அவர் ஒரு கத்தரிக்காயை எடுத்துக் கோடு கீறிக் காட்டினார். பிறகு இன்னொன்று. நாளைக்குக் கறிக்கு வைத்திருந்த கத்தரிக்காய்கள் எல்லாம் போல்டாகிப் போயின. சிவனேஸ்வரி கன்னத்தில் கையூன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு ஆறியது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் அவர் போல்டைக் கழற்றிக் கிறீஸ் முழுவதையும் வழித்தெடுத்தார். அந்தத் தலையை வெளியே இழுத்துத் திருப்பி வைத்தால்தான் அது துவக்குக்குள் போகும் என்று கண்டுபிடித்தார். அதைப் பிடிக்க வாகாக அவள் முட்டை அடிக்கும் கம்பியை வளைத்து ஒரு கருவியும் செய்தார். கருவி நன்றாகத்தான் பிடித்தது. இழுத்த இழுப்பில், சுட்ட தோட்டாவைக் கவ்வி வெளியே எறிகிற சின்னக் கொக்கி ஒன்று தெறித்து, திறந்திருந்த யன்னலால் புல்லுக்குள் போய்விட்டது.

செத்துப்போன மனிதனின் துவக்கு. வரதராஜா வெளியே ஓடினார். பனிப் புல்லில் முழங்காலில் நின்று தேடினார்.

வேலிக்கு மேலால் ஹோஃபரின் தொப்பி தெரிந்தது. "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?"

"மனைவியின் மூக்குத்தி," என்றார், வாயில் முதலில் வந்ததை.

"அடடா," என்று அந்த மனிதர் வேலியைச் சுற்றிவந்து, தனது வாதக் கால்களை மடக்கிப் பக்கத்தில் மண்டியிட்டார். இருவரும் புல்லை விலக்கி விலக்கித் தேடினார்கள். சிவனேஸ்வரி வேலையால் வந்தபோது இரண்டு பேரும் நாலு காலில் நின்றார்கள். அவள் மூக்கில் மூக்குத்தி மின்னியது.

ஹோஃபர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வரதராஜாவைப் பார்த்தார்.

"மற்ற மூக்குத்தி," என்றார் வரதராஜா.

"ஓ, மற்றது," என்று தலையாட்டி, பெரியவர் மறுபடியும் குனிந்து தேடினார்.

அன்றைக்கு வரதராஜாவுக்கு நித்திரை வரவில்லை. விடிந்ததும் முகச்சவரம் செய்து, கோட்டும் போட்டுக்கொண்டு, போல்டைச் சிவனேஸ்வரியின் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார்.

"எங்க வெளிக்கிட்டாச்சு?"

"பரமட்டாவில பழைய துவக்கு விக்கிற கடை ஒண்டு இருக்காம். அந்தக் கொக்கி கிடைக்குமோ எண்டு கேட்டிட்டு வாறன்."

அவள் முகம் மாறியது. "கடைக்கெல்லாம் வேண்டாம். வடிவாத் தேடினாப் புல்லுக்குள்ளயே கிடைக்கும்."

"அந்த மனுசன்ர முகத்தில முழிக்கேலாமல் கிடக்கு. தகப்பன்ர சாமானைத் துலைச்சுப்போட்டன். முடிச்சுக் குடுக்கவேணும்."

"இல்லை, நான் என்ன சொல்லுறனெண்டால்..." என்று அவள் வாசல்வரை வந்தாள். ஆனால் அவர் அவ்வளவு வேகமாக நடந்து அவள் கண்டு கன காலம். அவர் தெருமுனை திரும்பும்வரை கதவுநிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரர் தடித்த கண்ணாடி போட்ட ஒரு கிழவர். போல்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அதன் தலையை முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பார்த்தார். அது வெண்ணெய்போல் வழுக்கி ஓடியது.

"யார் இதைத் துப்புரவாக்கியது?"

"நான்தான். ஆனால் கொக்கி ஒன்று தொலைந்துவிட்டது. ஒரு பெரியவரின் தகப்பனார் வைத்திருந்த துவக்கு இது. அவருக்குத் தெரியாமல் போட்டுக் கொடுக்கவேண்டும்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பெரியவர் ஹோம்புஷிலா இருக்கிறார்?"

"ஆமாம். உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"ஹோஃபருக்கு இதை விற்றதே நான்தான். ஆனால் பொறுக்கியது அவரில்லை. கூட வந்த சேலை கட்டிய அம்மா. ராக்கையில் இருந்த துவக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து இழுத்துப் பார்த்து, 'இது லேசாக வருகிறது, என் புருஷனுக்கு ஒரு பின்னேர வேலைக்கும் காணாது' என்று தள்ளிவைத்துவிட்டு, கடையிலேயே இறுகிப்போனதாகப் பார்த்து இதை எடுத்துக்கொண்டு போனார்."